கேபிளில் மேலே போகும் வழி

புதிதாக கேபிள் நெட் எடுக்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எம்பி வரும்?" என்பதுதான். எத்தனை போகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் பல வருடமாக லைன் பார்க்கிறவன் நான். இங்கே நெட்வொர்க்கில் இடம் போதாமல் திணறுவது அநேகமாக அந்தப் போகிற பக்கத்தில்தான். அதைப் பெரிதாக்க வழிகள் இருக்கின்றன. அவற்றில் புது மெஷின் வாங்குவதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பேச்சில் கன்ட்ரோல் ரூமிலிருந்து வீட்டுக்கு வருவது ஃபார்வர்டு, வீட்டிலிருந்து திரும்பப் போவது ரிட்டர்ன். கன்ட்ரோல் ரூமிலிருந்து தெரு வரைக்கும் ஃபைபர். அது வந்து சேரும் பெட்டிக்கு நோடு என்று பெயர். நோடிலிருந்து ஆம்ப்ளிஃபையர், வீடுகளுக்கு லைனைப் பிரித்துக் கொடுக்கிற டேப் எல்லாம் தாண்டி வீட்டுக்கு வருவது பழைய கறுப்பு கோஆக்சியல் ஒயர். அந்த ஒரே ஒயரில்தான் இரண்டு பக்கப் போக்குவரத்தும் நடக்கிறது. நாங்கள் போட்டிருக்கும் லைனில் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரை ரிட்டர்னுக்கு. 85க்கு மேலே 862 வரை ஃபார்வர்டுக்கு. கூட்டிக் கழித்துப் பாருங்கள், கீழே வருவதற்கு ஏறக்குறைய 777 மெகாஹெர்ட்ஸ், மேலே போவதற்கு வெறும் 60. அமெரிக்காவில் பழைய லைன்களில் இன்னும் மோசம், ரிட்டர்ன் 42 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும்.

இப்படிப் பிரித்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. கேபிள் என்பது டிவி காட்டுவதற்காகப் போட்டது. டிவி பார்க்கிறவர் திரும்ப எதையும் அனுப்ப வேண்டியதில்லை. இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. கல்யாண ஆல்பம் எடுக்கிற தம்பி இரவெல்லாம் வீடியோவை ஏற்றுகிறார். ஜெராக்ஸ் கடையில் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அரசுத் தளத்தில் ஏற்றுகிறார்கள். கானா பாடும் பையன்கள் மொட்டை மாடியில் பாடியதை அன்றைக்கே யூடியூபில் போட்டாக வேண்டும். 2020 ஊரடங்கில், ஒரே தெருவில் இத்தனை பிள்ளைகள் கேமராவை ஆன் செய்து வகுப்பில் உட்கார்ந்தபோது, அந்த 60 மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு சின்னது என்று எல்லாருக்கும் தெரிந்தது. வாத்தியார் பேசுவது கேட்கும். பிள்ளை சொல்லும் பதில் போய்ச் சேராது. பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை 'ஆப்சென்ட்' ஆவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த 60லும் முழுசாகப் பயன்படுத்த முடிவதில்லை. 20 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சிற்றலை வானொலி, மோட்டார், வெல்டிங், மோசமான சார்ஜர் என்று எல்லா இரைச்சலும் வந்து உட்காரும். மிச்சத்தில் 6.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஆறு சேனல் வைக்கலாம். ஒவ்வொரு சேனலும் எவ்வளவு சுமக்கும் என்பதுதான் முக்கியம். லைன் அழுக்காக இருந்தால் க்யூபிஎஸ்கே என்ற மெதுவான முறையில்தான் ஓட்ட முடியும். நொடிக்கு 10 மெகாபிட். கொஞ்சம் சுத்தமாக இருந்தால் 16 குவாம் என்ற அடுத்த முறை, 20 மெகாபிட். நன்றாகச் சுத்தமாக இருந்தால் 64 குவாம், 30 மெகாபிட். அதே ஒயர், அதே அகலம், அதே மோடம். சுத்தம் மட்டும்தான் வித்தியாசம். அதற்கு மூன்று மடங்கு.

கிளாட் ஷானன் 1948இல் எழுதிவைத்த கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ஒரு பாதையின் கொள்ளளவை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: பாதையின் அகலம், இரைச்சலைவிட சிக்னல் எத்தனை மடங்கு உயரத்தில் நிற்கிறது என்பது. நல்ல லைனில் இரைச்சலை 3 டெசிபெல், அதாவது பாதியாக, குறைத்தால் ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் ஒரு பிட் கூடுதலாகக் கிடைக்கும். எங்கள் வேலையில் எதைப் புதிதாகச் செய்தாலும் இந்தக் கணக்குக்குள்தான் செய்ய முடியும்.

ரிட்டர்னில் மட்டும் இரைச்சல் ஏன் இவ்வளவு? ஃபார்வர்டில் ஒரு வீட்டு ஒயர் கெட்டுப்போனால் அந்த வீட்டு டிவி மட்டும்தான் புள்ளி புள்ளியாக வரும். ரிட்டர்னில் அப்படி இல்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களின் கழிவுநீரெல்லாம் கேப்டன் காட்டன் கால்வாயில் போய்ச் சேருகிறதல்லவா, அதுபோல நோடின் கீழே இருக்கிற எல்லா வீட்டு இரைச்சலும் ஒன்றாகக் கூடி ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகிறது. ஐந்நூறு வீட்டில் ஒரு வீட்டு கனெக்டர் தளர்ந்தாலும் ஐந்நூறு பேரும் அனுபவிக்க வேண்டும். அனுபவிக்கிறவர்களுக்கோ காரணம் எந்த வீடு என்று தெரியாது.

காசிமேட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். வீட்டிலிருந்தே இரவு ஷிஃப்ட் கால் சென்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தார். "அண்ணா, மூணு மணிக்கு மேல அவங்க பேசுறது எனக்கு நல்லா கேட்குது. நான் பேசுறதுதான் அவங்களுக்கு விட்டு விட்டுப் போகுதாம்." இப்படித் தெளிவாகச் சொல்கிற வாடிக்கையாளர் கிடைப்பது பெரிய விஷயம். அந்த ஒரு வரியிலேயே ஃபார்வர்டு நன்றாக இருக்கிறது, ரிட்டர்ன்தான் கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பகலில் ஆள் அனுப்பிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மோடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். மறுநாள் விடியலில் திரும்ப அதே கதை.

கன்ட்ரோல் ரூமில் அந்த நோடின் ரிட்டர்ன் கிராஃபை எடுத்துப் பார்த்தோம். இரவெல்லாம் 30 டெசிபெல் அளவில் நிற்கிற சிக்னல் தரம், விடியற்காலையில் 20க்குக் கீழே விழுகிறது. வெளிச்சம் வந்த பிறகு தானாக எழுந்துகொள்கிறது. காசிமேட்டில் அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று அங்கே இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படகு வந்து, மீன் இறங்கி, ஏலம் நடக்கிற நேரம். ஐஸ் உடைக்கும் மெஷின்கள் ஓடுகிற நேரம்.

அதனால் அந்த நேரத்திலேயே போனோம். நோடிலிருந்து நாலு பக்கம் லைன் பிரிகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 டெசிபெல் குறைக்கிற ஒரு சுவிட்ச் உண்டு. என்னோடு வந்த தம்பி ஏணியில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டான்; நான் கீழே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம் போட்டபோது இரைச்சல் அசையவில்லை. நாலாவது போட்டதும் அப்படியே இறங்கியது. அப்புறம் அந்தப் பக்கத்து ஆம்ப், அடுத்த ஆம்ப், டேப் என்று துரத்திக்கொண்டே போனால் கடைசியில் ஒரு வீடு. அந்நேரத்தில் கதவைத் தட்டியும் அந்த அம்மா முகம் சுளிக்காமல் உள்ளே விட்டார். ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஹாலில் மூன்று வழி ஸ்ப்ளிட்டர். ஒன்று டிவிக்கு, ஒன்று மோடத்துக்கு. மூன்றாவது ஒயர் பின்கட்டு அறைக்குப் போய், முனையில் கனெக்டர்கூட இல்லாமல், உள்ளே இருக்கும் செம்புக் கம்பி வெளியே தெரியச் சுவரோரம் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் மெஷினின் மோட்டார். "அது எங்க மாமனார் இருந்த ரூம் தம்பி. அவர் போனப்புறம் டிவிய எடுத்துட்டோம். ஒயரு சும்மாதானே கெடக்குது?" என்றார். அது சும்மா கிடக்கவில்லை. மோட்டாரின் இரைச்சலை வாங்கி, நோடுக்குக் கீழே இருக்கிற எல்லார் பாதையிலும் கலந்துகொண்டிருந்தது.

அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, திறந்திருந்த முனைக்கு 75 ஓம் டெர்மினேட்டர் மூடி போட்டோம். மிச்ச இரண்டுக்கும் புது கனெக்டர். மறுநாள் விடியலில் ஐஸ் மெஷின் ஓடியது, கிராஃப் விழவில்லை. அந்த வாரமே அந்த நோடில் க்யூபிஎஸ்கேயில் ஓடிக்கொண்டிருந்த சேனல்களை 64 குவாமுக்கு ஏற்றினோம். மெஷின் எதுவும் வாங்காமல் அவற்றில் மூன்று மடங்கு இடம் கிடைத்தது. மோட்டார்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அது அங்கே எப்போதும் ஓடும், ஓடத்தான் வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு கஷ்டம் உப்புக்காற்று. கனெக்டரும் ஒயரும் சேருமிடத்தில் உலோகம் அரித்து ஒரு மெல்லிய படலம் உருவாகும். அந்தப் படலம் டயோடு போல ஒரு பக்கமாக மின்சாரத்தை விடும். அதில் ஃபார்வர்டு சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் வித்தியாச அலைகள் ரிட்டர்ன் பகுதியில் வந்து விழும். வெளியிலிருந்து எந்த இரைச்சலும் நுழையாமலே லைன் தனக்குத்தானே இரைச்சலை உண்டாக்கிக்கொள்கிறது. அனலாக் காலத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. சேனல் இடைவெளிக்கு ஒன்றாக மீட்டரில் முள் முள்ளாகத் தெரியும். இப்போது டிஜிட்டல் என்பதால் இரைச்சலின் அடிமட்டம் மொத்தமும் சத்தமில்லாமல் உயர்ந்து நிற்கும். கம்பத்தைத் தட்டினால் சில நேரம் சரியாகிவிடும். அதை நம்பிவிடக் கூடாது. கனெக்டரை மாற்றித்தான் ஆக வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக லைன் வைத்திருக்கிறவர்கள் கனெக்டரில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. நல்ல கம்ப்ரஷன் கனெக்டரும், மேலே ரப்பர் உறையும் கட்டாயம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இங்கே கேபிள் பாதி தரையில்தான் கிடந்தது. அன்றைக்கு வேகமாக ஒட்டுப் போட்டு எல்லாருக்கும் லைன் கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் ஒட்டுகள் அப்படியே நின்றுவிட்டன. ஒவ்வொரு ஒட்டும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி அடிக்கும். மோடம்கள் அந்த எதிரொலியைத் தாங்களே கணக்குப் போட்டுச் சரிசெய்து அனுப்புகின்றன. அந்தக் கணக்கை கன்ட்ரோல் ரூமிலிருந்தே நாம் படிக்கலாம். 6.4 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரு படி தள்ளி எதிரொலி தெரிந்தால், அடிபட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே சுமார் 25 மீட்டர் என்று அர்த்தம். இரண்டு படி என்றால் 50 மீட்டர். பக்கத்துப் பக்கத்து வீட்டு மோடம்கள் எல்லாம் ஒரே எண்ணைச் சொன்னால், கோளாறு வீட்டுக்குள் இல்லை, தெருவில்தான் என்று முடிவு செய்யலாம். யாரும் புகார் சொல்வதற்கு முன்பே எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. இந்த வசதி கையில் இருந்தும் பயன்படுத்தாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

சுத்தம் செய்து முடித்த பிறகு அடுத்த படி நோடைப் பிரிப்பது. ஐந்நூறு வீட்டுக்கு ஒரு நோடு இருந்தால் இரண்டாக்கி, இருநூற்றைம்பதுக்கு ஒன்று வைப்பது. இதில் லாபம் இரட்டை. ஒரே பாதையைப் பங்கு போடுகிறவர்கள் பாதியாகிறார்கள். இரைச்சல் தருகிற வீடுகளும் பாதியாகின்றன. பாதி இரைச்சல் என்றால் 3 டெசிபெல், அதாவது ஷானன் கணக்கில் அந்த இன்னொரு பிட். நோடைப் பிரிக்க ஃபைபரை இன்னும் உள்ளே இழுக்க வேண்டும். எங்கள் தெருக்களில் அதுதான் சிரமம். டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹைரோடு) மெட்ரோ வேலை நடந்த காலத்தில் தோண்டத் தோண்ட ஃபைபர் அறுந்துகொண்டே இருந்தது. வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகுதான் மெயின் ரோட்டில் லைன் நிம்மதியாக இருக்கிறது.

ஃபார்வர்டு பக்கம் இடம் உண்டான கதை வேறு. சென்னையில் 2003 செப்டம்பர் 1 முதல் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் வந்தது, கேபிள் முழுக்க டிஜிட்டல் ஆக வேண்டும் என்று 2011இல் சட்டம் வந்தது. அனலாக்கில் ஒரு சேனலுக்கு 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். டிஜிட்டலில் அதே 8 மெகாஹெர்ட்ஸில் சாதாரணத் தர சேனல்கள் பத்து ஏறும். அப்படிக் காலியான இடத்தை நெட்டுக்குக் கொடுத்தார்கள். கேபிளில் நெட் ஓட்டுவதற்கான தர விதிக்கு டாக்சிஸ் என்று பெயர். 2006இல் வந்த டாக்சிஸ் 3.0 பல சேனல்களைச் சேர்த்துக் கட்டி ஒரே மோடத்துக்குக் கொடுத்தது. 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றுக்கு 50 மெகாபிட் அளவில் வரும். எட்டைச் சேர்த்தால் 400. கீழே வருகிற வேகம் அதனால்தான் ஏறியது. மேலே போகிற அந்த 60 மெகாஹெர்ட்ஸ் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

2013இல் வந்த டாக்சிஸ் 3.1இல் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பெரிய சேனலை 25 அல்லது 50 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. ஒரு வானொலி நிலையம் உள்ளே புகுந்தால் அந்தத் துண்டுகளில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மற்றதில் முழு வேகத்தில் போகும். எல்லையையும் நகர்த்தலாம், ரிட்டர்னை 85 வரைக்கோ 204 மெகாஹெர்ட்ஸ் வரைக்கோ நீட்டலாம். அதற்கு நோடிலும் ஒவ்வொரு ஆம்ப்பிலும் பிரிக்கிற ஃபில்டரை மாற்ற வேண்டும், அந்த இடத்தில் ஓடுகிற டிவி சேனல்களை மேலே தள்ள வேண்டும். 204 வரை நீட்டினால் 88 முதல் 108 வரை உள்ள எஃப்.எம். பகுதி ரிட்டர்னுக்குள் வந்துவிடும். ஓட்டை லைனில் அத்தனை எஃப்.எம். நிலையமும் உள்ளே நுழையும். அடுத்து வந்த டாக்சிஸ் 4.0, கீழே 10 கிகாபிட், மேலே 6 கிகாபிட் என்கிறது. ஒரு வழி, லைனை 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை நீட்டுவது. இன்னொன்று, 108 முதல் 684 வரை ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது. அவ்வளவு மெல்லிய வேலையைத் துருப்பிடித்த கனெக்டர்மேல் நடத்த முடியாது. காசு போட்டு மெஷின் வாங்குவதைக் கடைசியில் வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

"எல்லாரும் வீடு வரைக்கும் ஃபைபர் போடுறாங்க, இனிமே கேபிள் எதுக்கு?" என்று கேட்பார்கள். புதிதாக லைன் இழுக்கிற தெருவில் ஃபைபர்தான் போட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நாங்களும் அதைத்தான் போடுகிறோம். ஆனால் அதிலும் ரிட்டர்ன் பங்குதான். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் கீழே 2.5 கிகாபிட், மேலே 1.25 கிகாபிட். அதை 32 அல்லது 64 வீடு பிரித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தன் முறை வரும்போதுதான் பேச முடியும். ஒன்று பழுதாகி இடைவிடாமல் ஒளியை விட்டுக்கொண்டிருந்தால் அந்த வரிசையே முடங்கும். கனெக்டர் முனையில் தூசி இருந்தால் ஒளி குறையும். அழுக்கைத் தேடிப் போகிற பழக்கம் இல்லாதவர் கையில் ஃபைபரும் இதே கதிக்குத்தான் வரும்.

ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் சுவருக்குள் ஓடுகிற பழைய கோஆக்சியல் இன்னும் பல வருடம் இருக்கும். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு, ஃபைபர் வரும் வரை காத்திரு என்று சொல்லக் கூடாது. இருக்கிற ஒயரில் இன்றைக்கே மூன்று மடங்கு எடுக்க முடியும்.

இப்போது கொருக்குப்பேட்டையில் ஒரு நோடைப் பிரிக்கும் வேலை நடக்கிறது. ஃபைபர் ரயில் பாதையைத் தாண்ட வேண்டும், அனுமதிக்காகக் காத்திருக்கிறோம். அதுவரை அந்தப் பக்கம் வீடு வீடாக வருவோம். பயன்படுத்தாத டிவி ஒயர் வீட்டில் தொங்கினால் வெட்டிவிடாதீர்கள், முனையைத் திறந்தும் விடாதீர்கள். எங்களிடம் காட்டுங்கள், மூடி போட்டுத் தருகிறோம், காசு வேண்டாம். கேபிள் மோடம் வைத்திருப்பவர்கள் பிரவுசரில் 192.168.100.1 என்று போட்டுப் பார்த்தால் பெரும்பாலான மோடம்களில் சிக்னல் பக்கம் திறக்கும். அதில் அப்ஸ்ட்ரீம் பவர் (ரிட்டர்ன் பக்கத்துப் பலம்) என்ற இடத்தில் இருக்கிற எண் 50ஐத் தாண்டியிருந்தால், உங்கள் மோடம் ஏறக்குறைய தன் முழு பலத்தையும் போட்டுத்தான் எட்டுகிறது என்று அர்த்தம். நெட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த எண்ணை உங்கள் லைன்மேனிடம் சொல்லிவிடுங்கள்.